கண்டியிலிருந்து நுவரெலியா: மலைப்பாதையில் ஒரு முழு நாள்

வெளியூர்ப் பயணம் என்றால் நம் வீடுகளில் ஒரு பாகப்பிரிவினை உண்டு. டிக்கெட், ஓட்டல், வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. 'மற்ற சில்லறை விஷயங்கள்' நம் பொறுப்பு. அந்தச் சில்லறை என்ன தெரியுமோ? குழந்தைக்கு மாற்றுத் துணி, குடிக்கத் தண்ணீர், வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற ஆகாரம், மருந்து, ஸ்வெட்டர், நடுவழியில் 'அம்மா, வாந்தி வருது' என்றால் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு பை. ஒரு நாள் இனிமையாகக் கழிவதும், 'ஏன்டா வந்தோம்' என்று ஆவதும் பெரும்பாலும் இந்தச் சில்லறையில்தான் இருக்கிறது.

இலங்கைக்குப் போகிற நம்மவர்கள் அநேகமாகத் தவறவிடாத ஒரு வழி, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் மலைப்பாதை. பேராதனை, கம்பளை, புசல்லாவ, ரம்பொட, லபுக்கலை என்று ஏறி ஏறிப் போகும். தூரம் என்னவோ சுமார் 77 கிலோமீட்டர்தான். நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள்! நிற்காமல் போனாலே மூன்று மணி நேரம் வேண்டும். குழந்தைகளோடு, அருவியில் நின்று, தேயிலைத் தோட்டத்தில் இறங்கி, டீ குடித்துப் போனால் ஒரு முழுப் பகல். அந்தப் பகலுக்கு எப்படித் தயாராவது என்று பார்ப்போமா?

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் பூக்களும் திருவிழாக் கூட்டமும் சேர்ந்து வரும். அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் கூடுதல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழைதான்.

மலைநாட்டு மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் அப்படியே பெயர்ந்து வந்தன. இலங்கை முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எத்தனையோ சாலைகள் அடைபட்டன. எனவே, புறப்படுவதற்கு முந்தின நாள் இரவும், அன்று காலையும், 'பாதை திறந்திருக்கிறதா? மண்சரிவு எச்சரிக்கை உண்டா?' என்று தங்கியிருக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் என்ற அரசு அமைப்பு மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் அந்த இடத்தை விட்டே வெளியேற வேண்டிய நிலை. செம்மஞ்சள் என்றாலும் குழந்தைகளோடு அந்தப் பக்கம் போக வேண்டாம். பணம் கட்டியாகிவிட்டதே என்று பார்க்காதீர்கள். கண்டியிலேயே இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

வண்டியும் ஓட்டுநரும்

இலங்கையில் ஓட்டுநரோடு சேர்த்து வண்டி அமர்த்துவதுதான் வழக்கம். பழக்கமில்லாத மலைப்பாதையில் அதுதான் நல்லதும்கூட. பேசும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எல்லா இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா? குழந்தைக்கான இருக்கை கிடைக்குமா? ஓட்டுநர் முந்தின இரவு தூங்கியிருப்பாரா, இல்லை விமான நிலையத்தில் யாரையோ இறக்கிவிட்டு நேராக வருகிறாரா?

கடைசிக் கேள்வி கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கேட்கத்தான் வேண்டும். 2025 மே 11 அன்று அதிகாலையில் இதே சாலையில், கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில், ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்து போனார்கள். இரவிலும் விடியற்காலை இருட்டிலும் மலைப்பாதைப் பயணம் வேண்டாம்.

இறங்கும்போது இன்னொரு கவனம். சரிவில் வண்டியைக் குறைந்த கியரில் இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும். ஏதோ கருகுகிற வாடை வந்தால், 'அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, பிரேக் ஆறட்டும்' என்று சொல்லத் தயங்காதீர்கள். ஓட்டுநர் சிங்களவராக இருந்தால் 'ஹெமின் யன்ன' என்றால் மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம். 'நவத்தன்ன' என்றால் நிறுத்துங்கள். இந்த இரண்டு வார்த்தையும் உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும்.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரவே கூடாது. பிள்ளைகள் பின் இருக்கையில்தான். பால் கொடுக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வாந்தி ஏன் வருகிறது?

வளைவு மேல் வளைவாக வண்டி திரும்பும்போது நம் உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, 'ஆடுகிறோம், திரும்புகிறோம்' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. கண்ணோ வண்டிக்குள் இருக்கிற படப் புத்தகத்தையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு, 'எல்லாம் அசையாமல்தானே இருக்கிறது' என்கிறது. இந்த இரண்டு சேதிக்கும் பொருந்தாமல் போவதில்தான் குமட்டல் பிறக்கிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம்.

அப்படியானால் வைத்தியமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிள்ளை தூரத்து மலையைப் பார்க்கட்டும். செல்போனைப் பையில் போடுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, காற்று வரட்டும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. பூரி, வடை, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் அன்று காலை வேண்டாம். இட்லி கிடைத்தால் இட்லி. இல்லாவிட்டால் இடியாப்பம் அங்கே எங்கும் கிடைக்கும். சம்பல் காரமாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சர்க்கரை தொட்டுக் கொடுங்கள். ஊரிலிருந்தே இஞ்சி மரப்பாவும் உப்பு நாரத்தங்காயும் கொஞ்சம் எடுத்துப் போனால் பெரியவர்களுக்கும் கைகொடுக்கும்.

மாத்திரை வேண்டும் என்றால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பலனில்லை. புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் முன்னால் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் பல தூக்கம் வரவழைக்கும். சில பிள்ளைகளுக்குத் தலைகீழாக ஆட்டம் அதிகமாகும்! இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நாமாக எதையும் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பையில் என்னென்ன?

டிக்கியில் போடும் பெட்டி வேறு, கையில் வைக்கும் பை வேறு. கைப்பையில் இருக்க வேண்டியவை:

1. ஆளுக்கு ஒரு செட் மாற்றுத் துணி, பிள்ளைகளுக்கு இரண்டு. இரண்டு சிறு டவல்.

2. கெட்டியான பிளாஸ்டிக் பைகள் நாலைந்து. உள்ளே மடித்த செய்தித்தாள் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும்.

3. கொதித்து ஆறிய தண்ணீர், பிளாஸ்க்கில் வெந்நீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்.

4. பொரி, ரஸ்க், வாழைப்பழம், கடலை மிட்டாய். மிகச் சிறு பிள்ளைகளுக்குக் கடலை வேண்டாம். வண்டி குலுங்கும்போது தொண்டையில் அடைக்கும்.

5. ஸ்வெட்டர், காது மூடும் தொப்பி, குடை. கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது கணக்கு. காலையில் புழுங்கிய பிள்ளை மத்தியானம் நடுங்கும்.

6. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், பஞ்சு, பிளாஸ்டர், ஒரு பொட்டலம் உப்பு. உப்பு எதற்கு என்கிறீர்களா? மழைக்குப் பிறகு புல்லில் நடந்தால் அட்டை ஏறும். பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்புப் போட்டால் தானே விழுந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

7. சிறு தாளில் எழுதிய இரண்டு எண்கள். ஆம்புலன்ஸுக்கு 1990, போலீஸுக்கு 119. 1990 என்பது 'சுவசெரிய' இலவச ஆம்புலன்ஸ். இந்தியாவின் உதவியோடு 2016-இல் தொடங்கி, பிறகு தீவு முழுவதற்கும் வந்தது.

ஏறும்போது காது அடைக்கும். பெரிய பிள்ளைகளை எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை அழுதால், நிறுத்திப் பால் கொடுத்தாலே காது திறந்துவிடும்.

உங்களை மறந்துவிடாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயணம் என்றதும் நம்மில் பலர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். 'நடுவழியில எங்க போறது?' என்ற பயம். விளைவு, சாயங்காலம் தலைவலி, அடுத்த இரண்டு நாளில் நீர்க்கடுப்பு. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் குறைந்தால் சோர்வு இன்னும் அதிகம். தண்ணீரை நிறுத்த வேண்டாம். நிற்குமிடத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வழியில் சாப்பாட்டு ஓட்டல்களிலும், பார்வையாளரை வரவேற்கும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கழிப்பறை உண்டு. 'இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தணும்' என்று புறப்படும்போதே சொல்லிவிட்டால், பிறகு யாரிடமும் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை.

நாளை எப்படிப் பங்கு போடலாம்?

பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். அதை வழியில் எட்டிப் பார்க்க முடியாது. முந்தின நாளே பார்த்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குக் கண்டியை விட்டால், புசல்லாவயில் ஒரு இஞ்சிப் பிளேன்டீ. பால் இல்லாத அந்தச் சாயம் குமட்டலுக்கும் இதம். பிறகு இடப்பக்கமோ வலப்பக்கமோ கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிறதா என்று பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வையுங்கள். ரம்பொடயில் 109 மீட்டர் உயர அருவி. பாறை வழுக்கும், கரையில் நின்று பார்த்தால் போதும், காலை நனைக்க வேண்டாம். அங்கேயே மலையைக் குடைந்த சுரங்கப் பாதை இருக்கிறது. 2008-இல் திறந்தது. அதற்கப்புறம் லபுக்கலை. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தேயிலை.

அங்கே கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்ப்பீர்கள். பேசுவது நம் தமிழ். ஆங்கிலேயர் காலத்தில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் பேத்திகள், கொள்ளுப் பேத்திகள். 1948-இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் நின்று, 2003-இல் வந்த சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தவர்கள் இவர்களில் பலர். அவர்களுக்கு அன்றைய கூலி, பறித்த கொழுந்தின் எடையில் இருக்கிறது. வேலை நடுவில் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். நாம் காலையில் ஆற்றிக் குடிக்கிற டீக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பன்னிரண்டரைக்கு நுவரெலியா சேர்ந்துவிடலாம். முடிந்தால் அன்றிரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் சீதா எலிய கோயிலும் ஹக்கல பூங்காவும் நிதானமாகப் பார்க்கலாம். கண்டிக்கே திரும்புவதானால், பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மூடுபனியும் மழையும் இறங்கும் ஊர் அது.

'இன்னும் ஒரு இடம் பார்த்துட்டுப் போயிடலாமே' என்று அவரும் கேட்பார், பிள்ளைகளும் கேட்பார்கள். அப்போது கடிகாரத்தைப் பார்த்து, 'போதும், இருட்டறதுக்குள்ள இறங்கிடலாம்' என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பார்க்காமல் விட்ட இடம் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.