அம்மாவைப் பெற்ற தாத்தா யார்?

1944 ஜூன் மாதம், நார்மண்டியில் படைகள் கரையிறங்குவதற்குச் சற்று முன்பு, பிரிட்டனில் சுமார் 15 லட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் முகாமிட்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு அங்கே ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தன. அன்றைய இங்கிலாந்தில் மணமாகாத தாய் மட்டும் போய்ப் பிறப்பைப் பதிவு செய்தால், தந்தை பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடுதான். பெயர் இடம்பெற வேண்டுமானால் தந்தையும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்; அவரோ பிரான்சில் போர்முனையில் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவும் படை அதிகாரியின் அனுமதி தேவை. கறுப்பின வீரர்களுக்கு அது அநேகமாகக் கிடைக்கவே இல்லை. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் மட்டும் சுமார் 2,000 பேர்.

அந்தக் குழந்தைகளுக்கு இப்போது எண்பது வயது. இன்று தேடுபவர்களில் பலர் அவர்களுடைய பிள்ளைகள். கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு செல்லப்பெயர், ஒரு மாநிலத்தின் பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு புகைப்படம்.

அமெரிக்க ராணுவத்திடம் கேட்டால் நெடுங்காலம் வந்த பதில், அது வீரர்களின் அந்தரங்கம் என்பதுதான். பெற்ற அப்பாவின் பெயரைக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய பதிலா இது? 'வார் பேப்ஸ்' என்ற அமைப்பு வழக்குத் தொடுத்த பிறகே, 1990இல் அரசு இறங்கி வந்தது. அதற்குள் வேறொரு இழப்பும் நேர்ந்துவிட்டது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் சுமார் 80% அதில் போயிற்று.

மிஞ்சியது உடம்பில் இருக்கும் ஆவணம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவைப் பெற்ற தாத்தாவின் ஒய் குரோமோசோம் ஏறத்தாழ அப்படியே பேரனுக்கு வந்துவிடும். அம்மாவைப் பெற்ற பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பேரன், பேத்தி எல்லோரிடமும் இருக்கும். அப்பாவைப் பெற்ற பாட்டி தன் மகனுக்குக் கொடுத்த எக்ஸ் குரோமோசோம், அவர் வழியாகப் பேத்திக்கு முழுசாகவே வந்து சேரும். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு மட்டும் இப்படித் தனி முத்திரை கிடையாது. 1945இல் பிறந்தது பெண் குழந்தை என்றால், அவளுடைய பிள்ளைகள் தேட வேண்டியிருப்பது இந்தத் தாத்தாவைத்தான்.

மற்ற 22 ஜோடிக் குரோமோசோம்களில்தான் அவரைத் தேட வேண்டும். ஒவ்வொரு தாத்தா பாட்டியிடமிருந்தும் சராசரியாக 25% வரும். ஆனால் கருமுட்டை உருவாகும்போது சீட்டுக்கட்டைப் போலக் குலுக்கப்படுவதால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகவும் இன்னொரு பிள்ளைக்குக் குறைவாகவும் கிடைக்கும். அம்மா உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குத்தான் பரிசோதனை செய்ய வேண்டும். தன் அப்பாவின் மரபணுக்களில் சரிபாதி அவரிடம் இருக்கிறது. இதைத் தள்ளிப்போடவே கூடாது.

தாத்தா ஊருக்குத் திரும்பி மணம் முடித்திருந்தால், அந்தக் குடும்பத்துப் பேரனுக்கும் இங்கிலாந்துப் பேத்திக்கும் பொதுவாக இருப்பது சராசரியாக 6.25%, அதாவது மரபணுத் தொலைவை அளக்கும் அலகில் சுமார் 450 சென்டிமார்கன். அதே பேரனோடு அம்மாவின் மாதிரியை ஒப்பிட்டால் இது இரண்டு மடங்காகும். ஆனால் 12.5% என்ற எண்ணை மட்டும் வைத்து உறவைச் சொல்லிவிட முடியாது. உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்கு இடையிலும் அதே அளவுதான் வரும். வயதையும் பழைய காகிதங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உறவு பிடிபடும்.

இங்கேதான் குடும்ப வரலாற்று ஆய்வு கைகொடுக்கிறது. டி.என்.ஏ. தரவுத்தளத்தில் தேடுபவரின் மாதிரியோடு பொருந்தி வந்த இருவரின் மூதாதையரை மேல்நோக்கித் தேடிப்போய், இருவருக்கும் பொதுவான ஒரு தம்பதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவர்களுடைய வாரிசுகளைக் கீழ்நோக்கி வரிசைப்படுத்த வேண்டும். 2012இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட 1940ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் யார் யார், என்ன வயது என்பதெல்லாம் இருக்கிறது. படைப்பிரிவுகளின் காலைக் குறிப்பேடுகள், எந்தப் பிரிவு எப்போது எங்கே இருந்தது என்று காட்டும்.

அப்படியும் ஒரே வீட்டில் படைக்குப் போன மூன்று சகோதரர்கள் வந்து நிற்கலாம். தூரத்து உறவினரின் மாதிரியால் அவர்களைப் பிரித்தறிய முடியாது. அந்த மூவரின் பிள்ளைகள் எச்சில் மாதிரி தந்தால்தான் விடை கிடைக்கும். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, தருவதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.