ஒரு விளக்கு, பல எண்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் கொண்ட அரங்கினைக் கூறும் இளங்கோவடிகள், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாது புறத்தே விழுமாறு விளக்கு நிறுத்தியதையும் மறவாது கூறுகின்றார். திட்டமிட்டு ஒளியமைக்கும் அக்கலை இன்று கணினித் திரையில் வரையப்படுகின்றது. வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் போன்ற வரைபட மென்பொருள்களில் ஒரு விளக்கைத் தேர்ந்தால், அதற்குரிய எண்களை நிரப்பப் பல கட்டங்கள் தோன்றும். ஒரு விளக்குக்கு இத்தனை எண்கள் எதற்கு? ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொருவர் வினாவுக்கு விடையாகும்.

விளக்கைத் தொங்கவிடுபவர், குழாயில் இஃது எத்தனையாவது என வினவுவார்; அதற்கு விடை யூனிட் எண். மின்பணியாளர், இதன் கம்பியை எங்கே செருகுவது என்பார். அதற்கு விடை சர்க்யூட், அதாவது மின்சுற்று. இதற்குப் பெயர், எண் என இரு கட்டங்கள் உண்டு. ஆறு மின்சுற்றுகளைத் தன்னுள் அடக்கிய பருத்த கம்பிவடத்திற்கு 'அ' எனப் பெயரிட்டால், அதன் மூன்றாம் சுற்று 'அ 3' ஆகும். அச்சுற்றில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி டிம்மர். அக்கருவிக்குக் கட்டளை சென்றடையும் இடம் முகவரி. 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். 512 முறைப்படி, ஒரு தொகுதிக்கு 512 முகவரிகள் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகையில் அமர்ந்திருப்பவர் அழைக்கும் எண் சேனல். சேனலை முகவரியோடு இணைப்பதே 'பேட்ச்' எனப்படும்.

இவற்றை மயங்கவைத்தால் நேர்வது எழுத்துப்பிழை மட்டுமன்று. அமெரிக்க அரங்குகளில் பெரிதும் வழங்கும் டிம்மர் ஒன்று 2.4 கிலோவாட் தாங்கும். 1000 வாட் விளக்குகள் மூன்றை அதில் சேர்த்தால், பாதுகாப்புச் சுவிட்சு மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். மேடையின் ஒரு பகுதி இருளில் மூழ்கும். எல்.இ.டி. விளக்குகளோ ஒளியைத் தம்முள்ளேயே கூட்டிக் குறைப்பவை. அவற்றுக்கு மின்சுற்றும் முகவரியும் வேண்டும், டிம்மர் வேண்டுவதில்லை. கட்டம் வெறுமையாயுள்ளதே என்று டிம்மர் எண்ணை இட்டு, அவ்வழியே மின்சாரம் செலுத்தினால், உள்ளிருக்கும் மின்னணுப் பகுதி பழுதாகலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பிரிட்டன் நாட்டு அரங்குகளில் டிம்மரையே 'சர்க்யூட்' என வழங்குவாரும் உளர். ஆதலின், எச்சொல்லை எப்பொருளில் ஆள்கிறோம் என்பதை வரைபடத்தின் மூலையில் முதலிலேயே எழுதிவைத்தல் நன்று. வரைந்தவர் அருகில் இல்லாத வேளையில், உயரத்தில் ஏணிமேல் நின்று கம்பியைப் பற்றியிருக்கும் பணியாளருக்கு அக்குறிப்பே துணை.