சும்மா மினுக்கும் இரண்டாவது லைன்

மாலை ஆறு மணி. கிளை அலுவலகத்தில் பில் போட உட்கார்ந்தவர் நகராத டேலி திரையை வெறித்துக்கொண்டிருக்கிறார். கணக்கெல்லாம் தலைமையகத்து சர்வரில்; அங்கே போய்வர ஒரு விபிஎன் டனல். உள்ளறையில் மேலாளர் வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார். எல்லாம் ஒரே நெட் லைனில். "ரெண்டாவது லைன் வாங்கிக் குடுத்தேனே, என்னாச்சு?" என்று முதலாளி போனில் கேட்கிறார். அது ரேக்கில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா இருக்கிறது.

ஃபயர்வாலில் இரண்டு லைனையும் செருகிவிட்டால் பாரம் தானாகப் பாதிப் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. பல இடங்களில் இரண்டாவது லைன், முதல் லைன் படுத்தால் மட்டும் களமிறங்கும் மாற்று ஆட்டக்காரர். பங்கு பிரிக்கும் வசதியை இயக்கினாலும், பிரிப்பது பெரும்பாலும் இணைப்புக் கணக்கில்தான். உள்ளே ஐம்பது பேர் வேலை பார்த்தாலும், வெளியிலிருந்து பார்க்க டனல் ஒரே இணைப்பு. எந்த லைனில் எழுந்ததோ அதிலேயே ஓடும்.

ரயில்வே தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸின் தபால் பையை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். பைக்குள் நூறு கடிதங்கள், நூறு விலாசங்கள். வாயைக் கட்டி முத்திரை வைத்த பிறகு, ரயிலில் ஏற்றுகிறவர் பார்ப்பது பைமேல் கட்டிய சீட்டை மட்டும்தான். எந்தக் கடிதம் பைக்குள் போக வேண்டும் என்பது ஒரு முடிவு. பை எந்த ரயிலில் ஏற வேண்டும் என்பது வேறு முடிவு. விபிஎன் பக்கத்தில் முதலாவதை எழுதிவிட்டு, இரண்டாவதும் ஆகிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

அந்த இரண்டாவது முடிவு ரூட்டிங் டேபிளில் இருக்கிறது. அங்கே 0.0.0.0/0 என்று ஒரு வரி இருக்கும்: தனியாகச் சொல்லாததெல்லாம் முதல் லைனில் போகட்டும் என்று பொருள். தலைமையகத்தின் பொது முகவரி 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். (எடுத்துக்காட்டு எழுதுகிறவர்களுக்கென்றே ஒதுக்கிய வரிசை இது.) அந்த ஒற்றை முகவரிக்கு மட்டும் இரண்டாவது லைனின் கேட்வேயைக் காட்டி ஒரு ஸ்டாடிக் ரூட் எழுத வேண்டும். பொதுவான வரியும் குறிப்பான வரியும் மோதினால் குறிப்பானதே ஜெயிக்கும். பை ரயில் மாறிவிடும். மீட்டிங் பழைய லைனிலேயே ஓடும்.

ஆனால் பையில் 'அனுப்புநர்' என்று ஒன்று இருக்கிறதே! டனல் இன்னும் முதல் லைனின் முகவரியையே அனுப்புநராகப் போட்டால், இரண்டாவது லைனைத் தரும் நிறுவனம் 'இது எங்கள் முகவரி இல்லையே' என்று பாக்கெட்டைக் கீழே போட்டுவிடலாம். போலி முகவரித் தாக்குதலைத் தடுக்க இப்படி வடிகட்டச் சொல்லி 2000 மே மாதத்திலேயே ஆர்.எஃப்.சி. 2827 வெளியாகிவிட்டது. ஆகவே விபிஎன் அமைப்பிலும் இரண்டாவது லைனின் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எதிர்முனையிலும் பழைய முகவரியை மாற்ற வேண்டும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் டனலை ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய பாதையையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

மலிவான பிராட்பேண்டில் இன்னொரு சிக்கல். அதில் கிடைக்கும் முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், அது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. வெளியிலிருந்து யாரும் நேராக வந்து கதவைத் தட்ட முடியாது. கிளைதான் தலைமையகத்தை அழைக்க வேண்டும். டனல் ஐபிசெக் வகை என்றால் யுடிபி 500, 4500 போர்ட்டுகள் வழியே போய்விடலாம். லினக்ஸ் கெர்னலில் 2020 மார்ச்சில் சேர்ந்த வயர்கார்டு விபிஎன் இன்னும் சாமர்த்தியம்: சாவி சரியாக இருந்தால், எதிராளி முகவரி மாறி வந்தாலும் புதிய முகவரியைத் தானே குறித்துக்கொள்கிறது.

மாறியதா என்று பார்க்க, பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடுபவர்கள் ஏமாறுவார்கள். அது காட்டுவது பிரவுசர் போகும் லைனை. தலைமையக ஃபயர்வாலைத் திறந்து, டனல் எந்த முகவரியிலிருந்து வந்து நிற்கிறது என்று பார்ப்பதே சரி.

ஸ்டாடிக் ரூட்டோடு நிறுத்திக்கொண்டால், இரண்டாவது லைன் அறுந்த அன்று முதல் லைன் நன்றாக இருந்தும் டனல் படுத்துவிடக்கூடும். அதற்குத்தான் வெளி முகவரி ஒன்றை அடிக்கடி பிங் செய்து, பதில் வராவிட்டால் வழியை மாற்றும் கேட்வே கண்காணிப்பு. மோடம் எரிகிறதா என்று பார்ப்பது போதாது. மோடம் எரியும், தெருமுனையில் ஃபைபர் அறுந்திருக்கும். இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால் எந்த ஃபயர்வாலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் முடித்த பிறகு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது லைனின் கேபிளைக் கையால் உருவிப் பாருங்கள். டேலி எத்தனை நொடியில் மீண்டும் நகர்கிறது என்பதை எழுதி ரேக்கிலேயே ஒட்டிவையுங்கள்.