நகர நீர்க்குழாய்கள்

கண்ணுக்குப் புலனாகும் பொருள்களையே நாம் பெரிதும் பேணுகின்றோம். மறைந்திருந்து தொண்டு செய்யும் பொருள்களை மறந்துவிடுகின்றோம். நகரில் வாழ்வோர் காலையில் எழுந்து குழாயைத் திறக்கின்றனர், நீர் வருகின்றது. அந்நீர் எவ்வழி வந்தது என்று எண்ணுவோர் சிலரே. ஒரு நாள் தெரு நடுவே நிலம் பிளந்து நீர் பீறிட்டெழும்போதுதான், காலடியில் ஒரு குழாய் கிடந்தது என்பது பலர்க்கு நினைவு வருகின்றது.

சென்னை மாநகரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முன்னாளில் இந்நகர மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். 1872-ஆம் ஆண்டில் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்குக் கொணரப்பெற்று, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களால் நகருக்குள் விடப்பெற்றது. எனினும் அது வடிகட்டப்பெறாத நீரே. 1914-ஆம் ஆண்டில், மணற்படுகைகளில் நீரை வடிகட்டித் தூய்மை செய்யும் நிலையம் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. பின்னர் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கமும், 1996-இல் கிருஷ்ணை ஆற்று நீரும், 2004-இல் புதிய திட்டத்தின் வழியே வீராணம் ஏரி நீரும் துணையாயின. நீர் தரும் இடங்கள் இவ்வாறு பெருகின. ஆனால் நகரின் பழம்பகுதிகளிலோ, பாட்டனார் காலத்துக் குழாய்களே நெடுங்காலம் அந்நீரைச் சுமந்தன.

இரும்புக்கும் முதுமை உண்டோ எனின், உண்டு. வார்ப்பிரும்பில் இரும்போடு கரியும் கலந்துள்ளது. ஈரமண் இரும்பை மெல்ல மெல்ல அரித்துவிட, எஞ்சிய கரியும் துருவுமே குழாயின் வடிவத்தைத் தாங்கி நிற்கும். நோக்குவார்க்கு அது முழுக்குழாயாகவே தோன்றும். கத்தி முனையாற் சுரண்டினாலோ பென்சிற்கரிபோல் உதிரும். உட்புறத்தே துரு முடிச்சு முடிச்சாகத் திரண்டு, நீர் செல்லும் வழியைக் குறுக்கும். பழங்குழாய்களின் மூட்டுவாய்களை ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்தனர். மேலே பார வண்டிகள் ஓடுந்தோறும், களிமண் மழையில் உப்பிக் கோடையிற் சுருங்குந்தோறும் அம்மூட்டுகள் சற்றே அசைந்து நெகிழும். இந்நிலையில் ஒருவர் பெருங்குழாயின் அடைப்பை விரைந்து மூடுவாராயின், ஓடிவந்த நீர் தடையுண்டு, சம்மட்டியால் அடித்தாற்போலக் குழாயைத் தாக்கும். நலிந்த இடம் அப்போது வெடிக்கும்.

முதுமை ஒன்றே வெடிப்புக்குக் காரணமன்று. கனடா நாட்டுக் கால்கரி நகரில், 1975-இல் பதிக்கப்பெற்ற பெருங்குழாயொன்று 2024-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் வெடித்தது. ஐம்பது ஆண்டும் நிரம்பாத அக்குழாயே, நகரின் தூய நீரில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டைச் சுமந்து வந்தது. அது காங்கிரீட்டால் ஆகி, எஃகுக் கம்பிகளால் இறுகச் சுற்றப்பெற்றது. சாலையிற் பனியை உருக்கத் தூவிய உப்பு மண்ணில் ஊறி அக்கம்பிகளை நலியச் செய்தமை, ஆராய்ந்தோர் கண்ட காரணங்களுள் ஒன்று. செல்வம் மிக்க அந்நகரத்து மக்களும் குளிப்பதையும் துணி துவைப்பதையும் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. ஆகவே குழாயின் அகவையை எண்ணுதல் மட்டும் போதாது. அது கிடக்கும் மண்ணையும் அதன் உடல்நிலையையும் அறிதல் வேண்டும்.

பெருவெடிப்பு தன்னைத் தானே அறிவித்துவிடும். சிறு கசிவோ அறிவியாது. நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசியினும், ஒரு நாளில் 1,440 லிட்டர் நீர் வீணாகும். நகர்வாழ்வார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என வகுத்துள்ள அளவின்படி, அது பத்துப் பேருக்கு மேற்பட்டோரின் தேவையாகும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. நீர் விடப்படாத வேளையிற் குழாய் வெறுமையுற, நீர் வெளியேறிய அதே துளை வழியே அயலிலுள்ள கழிவுநீர் உள்ளே புகும். சிலர் தம் வீட்டு மின்னெக்கியைத் தெருக்குழாயோடு நேரே இணைத்து நீரை உறிஞ்சுகின்றனர். அவ்வுறிஞ்சலும் அழுக்கை உள்ளிழுக்கும். தாம் மிகுதியாகப் பெற்றதாக அவர் மகிழ்வர். அண்டை வீட்டுக் குழந்தையோ காலராவாலோ வயிற்றுப்போக்காலோ வாடும்.

கசிவைக் காண்பது எங்ஙனம்? ஊர் உறங்கும் நள்ளிரவில், பணியாளர் இரும்புக் கோலொன்றைக் குழாயின்மீது ஊன்றி, மறுமுனையிற் செவியை வைத்துக் கேட்பர். துளை வழியே நீர் சீறும் ஒலி கோலின் வழியே வந்து எட்டும். இன்று மின்னணுக் கருவிகள் அவ்வொலியை மேலும் நுட்பமாக உணர்த்துகின்றன. நலிந்த குழாய்களை அகற்றிப் புதியன பதித்தலும் நிகழ்ந்து வருகின்றது. அப்பணிக்காகத் தெரு தோண்டப்படுங்கால், நடப்பதற்கு இடையூறென்று முணுமுணுப்போர் அதன் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! தெருவில் மழையின்றி ஈரம் கண்டால், அதனைத் தாண்டிச் செல்லாது பெரியோரிடமும் குடிநீர் அலுவலகத்தாரிடமும் கூறுங்கள். நீர் நிறம் மாறியோ நாற்றமுற்றோ வருமாயின் அதனைப் பருகாதீர்கள்; அதனையும் உடனே தெரிவியுங்கள். முன்னோர் பதித்த குழாயால் நாம் நீர் உண்டோம்; பின்வருவார்க்கு அதனினும் நல்ல குழாயை விட்டுச் செல்லுதல் நம் கடனாகும்.