ராத்திரி வயலுக்குப் போறீங்களா? டார்ச் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

காளையார்கோவில் சுற்றுவட்டாரத்தில் இரவில் வயலுக்கோ கண்மாய்க் கரைக்கோ போகிறவர்களுக்கு டார்ச்தான் துணை. கடும் விஷமுள்ள கட்டுவிரியன் நடமாடுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். சட்டைப்பைக்குள் அடங்கும் சார்ஜ் டார்ச் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

வெளிச்சம்: லூமென்ஸ் என்பது மொத்த ஒளியின் அளவு. நடந்து போக 100 முதல் 300 லூமென்ஸ் தாராளம். தூரத்தில் பார்க்க குவிந்த ஒளி வேணும். காலடியைப் பார்க்க பரவலான ஒளிதான் நல்லது.

நேரம்: முழு வெளிச்சத்தில் சிறிய டார்ச் சீக்கிரம் சூடாகும். அதனால் நடுத்தர வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேளுங்க.

பேட்டரி: பல டார்ச்களில் இருப்பது 18650 லித்தியம் செல்; 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். நல்ல செல்லிலேயே சுமார் 3,500 எம்.ஏ.எச். தான் கிடைக்கும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீங்க.

மழை: ஐ.பி.எக்ஸ்.4 சாரலைத் தாங்கும். ஐ.பி.67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும்.

டார்ச் இருந்தும் பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதோ, கீறுவதோ கூடாது. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போயிடணும்.