மாதவிடாய் வலியும் 'சாக்லேட் சிஸ்ட்'டும்: குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களோடு இணைத்திருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் 'சாக்லேட் சிஸ்ட்' என்ற சொல் அவ்வப்போது கண்ணில் படுகிறது. புற்றுநோயோ என்று பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. கல்யாணமானால் சரியாகிவிடும் என்று வருடக்கணக்கில் விட்டுவைத்து வருகிறவர்களும் உண்டு. இதை ஓர் ஆண் எழுதலாமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். டாக்டரிடம் போவதா, எவ்வளவு செலவழிப்பது என்பதைப் பல வீடுகளில் தகப்பனும் கணவனும்தான் முடிவு செய்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் உண்டு. மாதந்தோறும் அது தடித்து, பிறகு உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுவதே மாதவிடாய். அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் வளர்ந்தால், அதுவும் மாதந்தோறும் கசிகிறது. ஆனால் வெளியேற வழியில்லை. உள்ளே வீக்கமும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிப் பழுப்பு நிறமாகக் கெட்டிப்படுவதைத்தான் சாக்லேட் சிஸ்ட் என்கிறார்கள். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. கண்ணேறு பட்டு வந்ததும் அல்ல.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சென்னையில் பிறந்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்ற பத்மா லட்சுமிக்குச் சிறு வயதிலிருந்தே இந்த வலி. நோய் இன்னதென்று தெரிந்தபோது வயது 36. பிறகு 2009இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வசதியுள்ளவர் நிலையே இது என்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நின்றுகொண்டே ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சாதாரண வலி முதல் ஓரிரு நாளில், ஒரு மாத்திரையில் அடங்கும். பள்ளிக்கோ கம்பெனிக்கோ மாதந்தோறும் லீவு போட வைக்கும் வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி, மலஜலம் கழிக்கும்போதும் இல்லற உறவின்போதும் வரும் வலி ஆகியவை சாதாரணமல்ல. குழந்தை தங்காததும் ஓர் அறிகுறியாக இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. திருமணமாகாத பிள்ளைகளுக்கு வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுக்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலியைக் குறைத்து, நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். எந்தச் சிகிச்சை நல்லது என்பது அந்தப் பெண்ணுக்கு இப்போது வலி குறைவதா, குழந்தை உண்டாவதா, எது முதல் தேவை என்பதைப் பொறுத்தது.

வலி மாத்திரையை வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கி மாதந்தோறும் விழுங்குவது சரியல்ல. அதில் பரவலாக இருக்கும் மெஃபெனாமிக் அமிலம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று இந்திய பார்மகோபியா கமிஷன் 2023 இறுதியில் எச்சரித்திருக்கிறது.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. கருத்தடை மாத்திரை என்றதும் தாய்மார்கள் பதறுகிறார்கள். இங்கே அது நோய்க்கு மருந்து. நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். ரத்தக்கட்டு, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். டயனோஜெஸ்ட் என்ற மாத்திரையும் தருகிறார்கள். தொடக்க மாதங்களில் அதனால் ரத்தம் விட்டுவிட்டுக் கசியும். சிலருக்கு மனம் சோர்ந்துபோகும்.

இந்தக் கசிவால் தொழுகை, நோன்பு குழம்புகிறது என்று மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டாம். ஹைளின் அதிகபட்ச நாள் ஹனஃபி மத்ஹபில் 10, ஷாஃபிஈ மத்ஹபில் 15. ரத்தம் கண்ட தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் ஹைளா, இஸ்திஹாளாவா என்று கேளுங்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) இதே போன்ற சந்தேகத்தை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். அதே காலண்டரில் வலி எத்தனை நாள், எத்தனை மாத்திரை, எத்தனை நாள் லீவு என்றும் எழுதினால் டாக்டருக்கும் உதவும்.

குழந்தை வேண்டுகிறவர்களுக்கு இந்த மாத்திரைகள் வழியல்ல. சாப்பிடும் காலத்தில் கரு தங்காது. அவர்கள் தாமதிக்காமல் கருத்தரிப்புச் சிகிச்சை தெரிந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தால் பலருக்கு வலி குறைகிறது. ஆனால் சினைப்பையில் செய்யும்போது கருமுட்டை இருப்பும் குறையலாம், நோய் திரும்பவும் வரலாம். "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. அதை எடுத்த பின்னும் வலி நிற்காதவர்கள் உண்டு. சிறு வயதில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை. இரு ஊரிலிருந்தும் சென்ட்ரல் வரை லோக்கல் ரயிலில் போய்விடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள கம்பெனி ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அயனாவரம், கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கு டிஸ்பென்சரியிலிருந்து கடிதம் வாங்கிப் போகலாம். டாக்டர் சான்றிதழ் இருந்தால், நோய்க்கால விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது என்பதால், மாதாந்திர ஒருநாள் லீவுக்கு இது உதவாது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வெடுக்க உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆபரேஷன் அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். டிரஸ்ட்டுக்கு மனு கொடுப்பவர்கள் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் சேர்த்துக் கொண்டுவந்தால் நலம்.