பூட்ஸ் 'கிரீச்' என்று கத்துகிறதா? தூக்கி எறியாதீர்கள்!

மும்பையில் ஆபீஸ் வேலைக்குப் போகும் தமிழர் பலரிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி தோல் பூட்ஸ். இன்டர்வியூ என்றாலும் அதுதான். கல்யாணம் என்றாலும் அதுதான். மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினாலும் அதுதான்.

அந்த பூட்ஸ் ஒரு நாள் வாயைத் திறந்து விட்டால்?

கிரீச்... கிரீச்... பளபளக்கும் மொசைக் தரையில் பத்து அடி நடப்பதற்குள் ஹாலில் இருக்கும் அத்தனை தலையும் திரும்பும். பதவி உயர்வுக்காக இரவெல்லாம் கண் விழித்துப் படித்தவர்கூட, கதவிலிருந்து நாற்காலிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியை மறந்து விடுவார்.

இதற்குப் பயந்து நல்ல பூட்சைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி விடுகிறவர்கள் உண்டு. கடன் வாங்கிப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. மூன்றும் வேண்டாம். சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பல சத்தங்களுக்கு மருந்து அறையிலேயே இருக்கிறது. மீதியை ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளி தீர்த்து வைப்பார்.

ஏன் கத்துகிறது?

பூட்சின் அடிப்பாகம் ஒரே துண்டு அல்ல. பல அடுக்குகள். பாதம் படும் இடத்தில் மெல்லிய உள் அட்டை. அதற்குக் கீழே கெட்டியான இன்சோல். அதற்கும் கீழே, பாதத்தின் வளைவுக்கு நேராக, 'ஷாங்க்' எனப்படும் ஒரு பட்டை. இது இரும்பிலும் இருக்கும், மரத்திலும் இருக்கும், பிளாஸ்டிக்கிலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே வெளிச் சோல். பின்னால் ஹீல்.

இந்த அடுக்குகள் ஒன்றோடு ஒன்று இறுகப் பிடித்திருக்கும் வரை சத்தம் வராது. பசை விட்டு நடுவில் இடைவெளி ஏற்பட்டதும், ஒவ்வொரு அடிக்கும் ஒன்றின் மேல் ஒன்று உரசும். அந்த உரசல்தான் கிரீச்.

இதில் ஒரு வேடிக்கை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர் செருப்பில், நடக்கும்போது 'கர்ர் கர்ர்' என்று ஒலிக்க வேண்டும் என்றே கேட்டு வாங்குகிறவர்கள் மராட்டியத்தில் உண்டு. அங்கே அந்தச் சத்தம் கம்பீரம். ஆபீஸ் ஹாலில் மட்டும் அது மானத்தை வாங்கி விடுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

இரவு அறையில் சந்தடி அடங்கிய பிறகு பாருங்கள். ஒருவர் நடக்க, இன்னொருவர் குனிந்து காது கொடுத்துக் கேட்பது நல்லது. ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டு நடந்தால், எந்தக் கால் என்பது தெரிந்து விடும்.

முதலில் வெறும் தரையில் நடக்கவும். பிறகு பாய் அல்லது கம்பளத்தின் மேல் நடக்கவும். பாயில் சத்தம் இல்லை என்றால் பூட்சுக்குள் கோளாறு எதுவும் இல்லை. சோல் தரையில் உரசுகிறது. அவ்வளவுதான்.

பாயிலும் சத்தம் வந்தால், உள் அட்டையைக் கழற்றி விட்டு நடந்து பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அந்த அட்டை.

அடுத்து லேசைத் தளர்த்துங்கள். அப்போது நின்றால், மேலே உள்ள நாக்குத் தோல் உரசுகிறது.

இவை எதிலும் அகப்படவில்லையா? நுனிக்காலில் நடங்கள். சத்தம் வந்தால் முன்பக்கச் சோல் பிரிந்திருக்கிறது. குதிகாலை ஊன்றும்போது வந்தால் ஹீல் ஆடுகிறது. பூட்சைக் கையில் பிடித்து நடுவில் மடக்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் ஷாங்க் தளர்ந்து விட்டது.

பவுடர் வைத்தியம்

உள் அட்டைதான் காரணம் என்றால், முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரே போதும். அட்டையைத் தூக்கி, அதன் அடியிலும் ஓரங்களிலும் ஒரு சிட்டிகை தூவி, தட்டி விட்டு, மறுபடி பதித்து வையுங்கள். அட்டை சுருண்டு போயிருந்தால் புதிது வாங்கிப் போடுவதே சரி.

நாக்குத் தோல் உரசினால், அதன் ஓரத்திலும் லேஸ் படும் இடத்திலும் மெழுகு பாலிஷ் தேயுங்கள். பாலிஷ் இல்லாவிட்டால் பட்டாணி அளவு வெள்ளை வாசலினும் உதவும். காய்ந்து போன தோல்தான் அதிகம் கத்தும். வாரம் ஒரு முறை பாலிஷ் பார்க்கும் தோல் சாதுவாக இருக்கும்.

ரப்பர் சோல் மொசைக்கில் வழுக்கிக் கத்தினால், அடிப்பாகத்தைத் துடைத்து விட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். புது பூட்சின் வழவழப்பு போனதும் சத்தமும் போய்விடும்.

எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயோ, தையல் மெஷின் எண்ணெயோ, உள்ளே இறங்கினால் பசையின் பிடி தளரும். தோலில் கறை படியும். சாக்சும் பாழாகும். இன்று சத்தம் நிற்பது போலத் தோன்றும். சில வாரத்தில் சோலே கையோடு வந்து விடும்.

தொழிலாளி செய்ய வேண்டியவை

சோல் பிரிவது, ஹீல் ஆடுவது, ஷாங்க் தளர்வது ஆகிய மூன்றும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

சோலை ஒட்டும் போது, இரு பக்கமும் பழைய பசையையும் தூசியையும் சுரண்ட வேண்டும். இரு பக்கமும் சொல்யூஷன் தடவ வேண்டும். சற்று உலர விட்டு, பிறகு ஒட்டித் தட்ட வேண்டும். அவசரப்படுத்தினால் ஒட்டாது. ஈரமான பூட்சைக் கொடுத்தாலும் ஒட்டாது. ஒட்டி வாங்கிய பிறகு ஒரு இரவு போடாமல் வைத்திருப்பது நல்லது. சுற்றித் தையலும் போடச் சொன்னால் இன்னும் நாள் தாங்கும்.

ஹீலுக்கு ஆணி அடித்து வாங்கினால், உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணி முனை தட்டுப்பட்டால் அங்கேயே மடக்கித் தரச் சொல்லுங்கள்.

ஷாங்க் வேலைக்கு இன்சோலைப் பிரிக்க வேண்டும். இதை எல்லாரும் செய்வதில்லை. சயான்-பாந்திரா சாலையில் தாராவி ஓரமாகப் போனால், தோல் வேலை தெரிந்த கைகள் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழ்நாட்டு முஸ்லிம்கள் வந்து தோல் பதனிட்ட இடம் அது. அங்கே விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

இந்தியில் சொல்வது எப்படி?

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு மொழிதான் தடை. வாய் வராததால், கோளாறு ஒன்று இருக்க வேறொன்றுக்குக் காசு கொடுத்து விட்டு வருகிறார்கள். இந்த நாலு வாக்கியம் தெரிந்தால் போதும்.

பூட்சில் சத்தம் வருகிறது: பையா, ஜூத்தே சே ஆவாஜ் ஆ ரஹீ ஹை.

சோல் பிரிந்து விட்டது, ஒட்டித் தாருங்கள்: சோல் குல் கயா ஹை, சிப்கா தீஜியே.

ஹீல் ஆடுகிறது: ஏடீ டீலீ ஹை.

உள்ளே பட்டை தளர்ந்திருக்கிறது: அந்தர் கீ பட்டீ டீலீ ஹை.

வேலை தொடங்கும் முன் கூலியைக் கேட்டுக் கொள்ளுங்கள். பேசிய பிறகு குறைக்காதீர்கள். புது ஜோடி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து அவர் காப்பாற்றித் தருவது உங்கள் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை.

மழைதான் எதிரி

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பூட்சுக்குச் சோதனைக் காலம். நனைந்த பூட்சை வேகமாகக் காய வைப்பதால்தான் பெரும்பாலும் சத்தம் தொடங்குகிறது. அடுப்பு அருகிலோ, கடும் வெயிலிலோ வைத்தால் தோல் சுருங்கும். இன்சோல் நெளியும். பசை விடும். இரும்பு ஷாங்க் துருப் பிடிக்கும்.

நனைந்து வந்தால் உள் அட்டையை எடுத்து விட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணியுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். அடிப்பாகத்திலும் காற்றுப் படும்படி பூட்சைப் பக்கவாட்டில் சாய்த்து, நிழலில் ஒரு நாள் முழுவதும் வையுங்கள். காய்ந்த பிறகு பாலிஷ்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. அனுபவசாலிகள் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் செருப்போடு ரயில் ஏறுவார்கள். பூட்ஸ் ஆபீஸ் மேஜை அடியில் காத்திருக்கும்.

புது பூட்சா?

புதிது என்றால் முதல் சில நாள் லேசான சத்தம் வருவது உண்டு. நடக்க நடக்க அடுக்குகள் படிந்து விடும். ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் பில்லோடு கடைக்குப் போங்கள். அதற்கு முன் வெளியாளிடம் கொடுத்துப் பிரித்து விட்டால் கடைக்காரர் கை விரிப்பார்.

வைத்தியமே இல்லாத கேஸ் ஒன்றும் உண்டு. பி.யு. எனப்படும் பாலியூரிதேன் சோல், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஈரக் காற்றுப் பட்டுச் சில வருடங்களில் பொடியாக உதிரும். அதை ஒட்டிப் பயனில்லை. சோலையே மாற்ற முடியுமா என்றுதான் கேட்க வேண்டும்.

இன்டர்வியூ கடிதம் வந்த அன்றே சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பற்றி யோசிக்கிறோம். அன்றே பூட்சையும் எடுத்துப் பத்து அடி நடந்து பார்த்து விடுங்கள். ஒட்டுவதற்கு ஒரு நாள், உலருவதற்கு ஒரு இரவு, தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்.